மூன்றாவது தூணுக்கு ஒரு சம்மன்

கோர்ட் சம்மனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சப்-இன்ஸ்பெக்டர் இரண்டாவது மாடிக்கு ஏறினார்.

சம்மன் கொடுப்பது கான்ஸ்டபிளின் வேலை. இந்த ஒன்றை மட்டும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் என்று ஸ்டேஷனில் யாரும் கேட்கவில்லை. கொலை வழக்குதான், ஆனால் செத்தது பாலத்தடி ஆள். அதைப் பற்றி யாருக்கு என்ன அக்கறை?

செத்தவரை எல்லோரும் டெய்லர் என்பார்கள். பாலத்துக்கு அடியில் படுப்பவர்களுக்குக் கிழிந்த சாக்கைத் தைத்துக் கொடுப்பவர். எட்டு மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலையில், ஷட்டரை மறித்துப் படுத்திருந்தார் என்று கிடங்கு முதலாளியின் மகன் அவரை இரும்புக் கம்பியால் அடித்தான். மூன்று அடி. இரண்டாவதிலேயே உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார்.

பார்த்தது ஒரே ஒருத்தி. ரேடியோ.

பேர் கேட்டால் அதைத்தான் சொன்னாள். விழித்திருக்கும் நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருப்பவளுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? தூணோடு பேசுவாள், நாயோடு பேசுவாள், போகிற லாரியை எல்லாம் திட்டுவாள். ஆனால் கொலையைச் சொன்னபோது ஒரு வார்த்தை பிசகவில்லை. அடித்தவனின் சட்டை நிறம், திறந்தபடி கிடந்த கார் கதவு, டெய்லரின் ஊசி எந்தப் பக்கம் விழுந்தது என்பது வரை சொன்னாள். இருபத்தாறு வருட சர்வீஸில் அவர் இப்படி ஒரு சாட்சியைப் பார்த்ததில்லை.

வாக்குமூலத்தில் விலாசத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. 'மேம்பாலம், மூன்றாவது தூண்' என்று எழுதி அனுப்பினார். போன வேகத்தில் திரும்பி வந்தது. தூணிலா போய்ச் சம்மன் ஒட்டுவீர் என்று மேலதிகாரி சிரித்தார். வீடு வாசல் இல்லாதவளின் சாட்சியை எதிர்த்தரப்பு வக்கீல் ஊதித் தள்ளிவிடுவான் என்றும் சொன்னார். அது உண்மைதான்.

சப்-இன்ஸ்பெக்டருக்கு யாரையும் எதிர்த்துப் பேசி வழக்கமில்லை. ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டு அந்தக் கட்டத்தில் ஒரு விலாசத்தை எழுதினார். உத்தியோகத்தில் அவர் தெரிந்தே செய்த ஒரே தப்பு அது.

பிறகு அதை ரேடியோவுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். கதவு எண், மாடி, தெரு, அஞ்சல் எண். கோர்ட்டில் கேட்டால் தடுமாறக் கூடாதல்லவா? இரண்டு வாரம் டீ வாங்கிக்கொடுத்து ஒப்பிக்க வைத்தார். நடுவில் ஒருநாள் அந்த வீட்டில் ஜன்னல் உண்டா என்று கேட்டாள். இரண்டு உண்டு என்றார்.

“யார் வீடுன்னு கேட்டா, என் வீடுன்னு சொல்லு. யார் சொல்லிக்குடுத்தாங்கன்னு கேட்டா மட்டும் வாயே திறக்கக் கூடாது. திறந்தா கேஸ் போச்சு” என்றார்.

ரேடியோ தலையை மட்டும் ஆட்டினாள். அவள் பேசாமல் இருந்து அவர் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

போன திங்கட்கிழமை நகராட்சி பாலத்தடியைச் சுத்தம் செய்தது. பாதுகாப்புக்குப் போனது அவருடைய ஸ்டேஷன் ஆட்கள்தான். அவர் வேறொரு வழக்குக்காக வெளியூரில் இருந்தார். மூன்று நாள் கழித்து வந்து பார்த்தபோது தூண்களுக்கு வெள்ளையடித்து, சுற்றிலும் வேலி போட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து தேடுகிறார். பஸ் நிலையம், ஆஸ்பத்திரி வராந்தா, சந்தையின் பின்பக்கம், இன்னும் இரண்டு பாலங்கள். மனதைக் கல்லாக்கிக்கொண்டு சவக்கிடங்கிலும் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்களும் போலீஸிடம் சொல்லவில்லை. அதற்காக அவர்கள்மேல் கோபப்படவும் அவரால் முடியவில்லை.

நாளை காலை பத்தரைக்கு அவள் சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், கிடங்கு முதலாளியின் மகன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பான்.

'மேற்படி விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை' என்று ஸ்டேஷனில் உட்கார்ந்தபடியே சம்மனின் பின்னால் எழுதியிருக்கலாம். பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். நேரில் போகாமல் எழுதி அவருக்குப் பழக்கமில்லை. என்ன நம்பிக்கையில் படியேறினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. மாடிக்கு வந்ததும் மூச்சு வாங்கியது. ஒரு நிமிடம் நின்றுவிட்டு பெல்லை அழுத்தினார்.

கதவைத் திறந்தது அவர் மனைவி.

“என்னங்க, பட்டப்பகல்ல வந்து நிக்கிறீங்க? சாவிய விட்டுட்டுப் போயிட்டீங்களா?”

அவர் கதவு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அட, உங்ககிட்ட சொல்லணும்னே இருந்தேன். நீங்க ஊர்ல இல்லாதப்ப ஒரு பைத்தியம் மூட்டையோட வந்துச்சு. நம்ம விலாசத்தக் கடகடன்னு ஒப்பிச்சிட்டு, இது என் வீடுதான்னு அடம் பிடிக்குது. உள்ள எட்டிப் பார்த்து ஜன்னல வேற எண்ணுது. பாவமாத்தான் இருந்துச்சு. என்ன பண்றது, கீழ் வீட்டுக்காரரக் கூப்பிட்டு இறக்கி விட்டேன்.”

அவர் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார்.

“என்னா பேச்சுங்கறீங்க! படி இறங்குற வரைக்கும் நிறுத்தல. இந்த விலாசத்த உனக்கு யார் சொன்னதுன்னு பத்துத் தடவ கேட்டேன். அதுக்கு மட்டும் வாயே திறக்கல.”