இடப்பக்கம் இழுக்கும் படகு

சமயநல்லூர்க் கண்மாயின் நடுவில் அழகுபாண்டியின் சிவப்புப் படகு கவிழ்ந்து, வெள்ளை வயிற்றை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. எழுபது வருடத்துக்கு முந்தைய பந்தயப் படகு ஒன்றின் படத்தைப் பார்த்துப் பார்த்து, எட்டு மாதம் மரத்தகட்டை இழைத்து அவன் செய்த, ரிமோட்டில் ஓடும் கை நீளப் படகு. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கிறது. கரைக்குத் தள்ளிவரக் காற்றும் இல்லை. ஆடு மேய்க்கும் அன்னக்கொடி பார்த்துவிட்டு, "எப்பயும் அந்த இன்னொரு அண்ணன் நீலப் படகை விட்டு இழுத்தாருவாருல்ல? அவரு வரலையாண்ணே?" என்கிறாள். "அவன் ஓசூருக்குப் போயிட்டான் தாயி." நீலப் படகு மட்டும் போன வாரம் பார்சலில் வந்தது. 'நேரமே இல்ல மாப்ள, நீயே வச்சுக்க' என்று முத்துக்குமரன் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தான். அழகுபாண்டி அதன் வாலில் நூலைக் கட்டி நீரில் விட்டு, கூடவே வந்த முத்துக்குமரனின் ரிமோட்டை முதல்முறையாகக் கையில் எடுக்கிறான். மோட்டார் சீறுகிறது. பின்னால் தண்ணீர் விசிறியாக எழும்புகிறது. ஆனால் படகு நேரே போகாமல் இடப்பக்கம் வளைகிறது. முத்துக்குமரன் தன் கட்டைவிரல் வாகுக்குத் திருகி வைத்தது அப்படியே இருக்கிறது. ரிமோட்டில் உள்ள சின்னக் குமிழை ஒரு பல் திருப்பினால் சரியாகிவிடும். அழகுபாண்டியின் விரல் அதன்மேல் போய்க் கொஞ்ச நேரம் நிற்கிறது. பிறகு எடுத்துக்கொள்கிறான். படகு இடப்பக்கம் இழுக்கிறது, இவன் வலப்பக்கம் இழுக்கிறான், அது நேராகப் போகிறது.