பெருசா எரிஞ்சாத்தான் தெரியும்

இப்போதெல்லாம் எவனும் மூஞ்சியைப் பார்த்துப் பேசுவதில்லை. போனைப் பார்த்துத்தான் பேசுகிறான். பஸ் கண்டக்டர், மருந்துக் கடைக்காரன், எஸ்டேட் ரைட்டர், எல்லாம் ஒரே வார்ப்பு. எதிரில் நிற்பது மனுசனா மாடா என்று தெரியாமலே பேச்சு முடிந்துவிடுகிறது.

இந்த பாரஸ்ட் கார்டும் அப்படித்தான். வசந்த் என்று பேர். அரூர்ப் பக்கத்துப் பையன், மலைக்குப் புதுசு.

காலையில் நான் பால் சொம்போடு கொட்டச்சேடு எஸ்டேட் கீழ் ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். பைக்கைக் குறுக்கே போட்டு நிறுத்தினான்.

"ஏனுங்க தாத்தா, ஓடை ஓரத்துல நேத்து தீ வெச்சது யாருங்க?"

"நான்தான்."

இவ்வளவு சுளுவாகக் கிடைக்கும் என்று அவன் நினைக்கவில்லை போல. ஆனாலும் தலை நிமிரவில்லை. போனை மட்டும் என் பக்கம் திருப்பினான். பச்சைப் படம். அதில் ஒரு சிவப்புப் புள்ளி.

"மழை வர்ற வரைக்கும் காட்டோரம் தீயே வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கமுங்களே. புல்லு தளதளன்னு வரும்னு ஆளாளுக்குக் கொளுத்தினா காடு மிஞ்சுமா?"

என்னை ஆடு மேய்க்கிறவன் கணக்கில் சேர்த்துவிட்டான். என் ஆயுசில் ஆடு வைத்ததில்லை. காப்பி பறித்தவன் நான்.

"எவன் வந்து சொன்னான் உனக்கு?"

"யாரும் சொல்லலீங்க. மேல சாட்டிலைட்டு சுத்துது. எங்க சூடு இருந்தாலும் அது பாத்துரும்."

நான் சிரித்தேன். அவனுக்குக் கோபம் வந்தது. சொந்தத் தம்பியைக் கேலி செய்துவிட்டது போல.

"சிரிக்காதீங்க. கடலுக்கு அந்தாண்ட எரிமலை இருக்குது. அது வெடிக்கறதுக்கு முந்தி, மலை சூடாகறப்பவே இது காட்டிக் குடுத்துரும். அடிவாரத்துல இருக்கற சனத்தையெல்லாம் ஊரைக் காலி பண்ணச் சொல்லிக் காப்பாத்திருவாங்க."

"சூடாகறப்பவேவா?"

"சூடாகறப்பவே."

"அப்ப இங்க மட்டும் ஏன் எரிஞ்சு முடிஞ்சப்பறம் வர்றே?"

விரலால் படத்தைப் பெரிசாக்கினான், சின்னதாக்கினான்.

எனக்கு விட மனசில்லை.

"போன வாரம் என் பொண்டாட்டி வீராயி காய்ச்சல்ல கெடந்தா. நெத்தியில கை வெச்சா சுட்டுது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போகக் குப்பனூர்ல கார் சொன்னோம். எஸ்டேட் கூலியாளுங்க லைன் ஊடு எங்க இருக்குதுன்னு தெரியலன்னு அந்த டிரைவர் பாதி மலையில திரும்பிட்டான். உன் சாட்டிலைட்டுக்கு எங்க ஊடு தெரிஞ்சுதா? அவ சூடு தெரிஞ்சுதா?"

"அது ஒடம்புச் சூடுங்க தாத்தா. அத்தன சின்னதெல்லாம் அங்கிருந்து தெரியாது. பெருசா எரிஞ்சாத்தான் தெரியும்."

"பெருசா எரிஞ்சாத்தான்."

"ஆமாங்க."

பையன் பொய் சொல்லவில்லை. அது மட்டும் தெரிந்தது.

வண்டியில் ஏறச் சொன்னான். ரேஞ்சு ஆபீசுக்கு வந்து எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"வர்றேன். இப்ப முடியாது. வெயில் ஏறறதுக்குள்ள நான் போய்ச் சேரணும். ஆளுங்க காத்துட்டு இருக்காங்க."

போனுக்குக் கீழே என் கையிலிருந்த சொம்பு மட்டும் அவன் கண்ணில் பட்டது.

"டீக்கடைக்குங்களா? ஒரு நாள் பால் லேட்டாப் போனா ஒண்ணும் ஆகாது. நீங்க வரலைன்னா கேஸாயிரும்."

"போடு. மூக்கன்னு எழுதிக்க. தீ வெச்சது நான்தான்னும் எழுது. எந்தக் கோர்ட்டுல வேணாலும் சொல்றேன்."

பைக்கைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். விடாமல் பின்னாலேயே வந்தான்.

"அட, நில்லுங்க தாத்தா! தீ முழுசா அணைஞ்சுதா, அதையாவது சொல்லிட்டுப் போங்க. கங்கு கிடந்து காத்தடிச்சா காடே போயிரும்."

நியாயமான கேள்விதான்.

"அணைக்கத்தான் போறேன்."

"எதை வெச்சு? இந்தச் சொம்புப் பாலை வெச்சா?"

தன் பகடிக்குத் தானே சிரித்தபடி தலையைத் தூக்கினான். அப்போதுதான் என்னை முதல்முறையாகப் பார்த்தான்.

மொட்டைத் தலை. மழித்த மீசை. கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லாததால் இந்த வயசில் எல்லாம் நானே செய்துகொண்டது.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. போனைப் பாக்கெட்டில் போட்டான். பிறகு வெளியே எடுத்தான். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவனுக்கு.

"சொல்லியிருக்கலாமுங்களே..."

"நீ யாரு எரிச்சதுன்னுதானே கேட்டே. என்னத்தை எரிச்சேன்னு கேக்கலையே."

"அந்தப் புள்ளியை எடுத்துரச் சொல்றேனுங்க."

"எதுக்கு எடுக்கறே? எரிஞ்சது நெசந்தானே."

திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன். பின்னால் பைக் கிளம்பும் சத்தம் வரவே இல்லை.

கீழே ஓடை ஓரத்தில் காடாத்துக்குச் சனம் காத்திருந்தது. பால் தெளித்து, எலும்பு பொறுக்கி, வெயில் ஏறுவதற்குள் வீராயியைத் தண்ணீரில் விட வேண்டும்.

ஒரு தடவை அண்ணாந்து பார்த்தேன். சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே வெறும் வானம்.

அங்கிருந்து சூடு பார்க்கிறதாம். எவனிடம் கதை விடுகிறார்கள்?

சாம்பல் ஆறியதா இல்லையா என்று நான் கையை வைத்துத்தான் பார்ப்பேன். அவள் நெற்றியையும் அப்படித்தான் பார்த்தேன்.