கண் திறக்கும் வேலை

நேற்றுத்தான் சந்தன மாலை போட்டு ரெனிதா சுவரில் மாட்டியிருந்த மனிதர், இன்று நண்பகலில் ஸ்டுடியோ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

அவள் கையிலிருந்த லென்ஸ் துடைக்கும் துணி நழுவிக் கீழே விழுந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஆனாலும் அந்த முகத்தை அவள் எங்கே தவறவிடுவாள்? மோவாயில் தழும்பு, ஓரம் மடிந்த வலது காது. இரண்டு நாள் முழுக்க கம்ப்யூட்டரில் அவள் கட்டிக்கொண்டு அழுத முகம்.

உள்ளே வந்த வேகத்தில் அவர் லைட் ஸ்டாண்டில் இடித்துக்கொண்டார். கவுன்டர் விளிம்பைப் பிடித்து நின்று, நிதானமாகக் கேட்டார்.

"என் போட்டோ ரெடியாம்மா?"

அவருக்கு நேர் எதிரே சுவரில், மாலையும் பொட்டுமாக, அவரே கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கீழே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு விட்டு விட்டு எரிந்தது.

பட்டாபிராமில் அவள் ஸ்டுடியோ வைத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கல்லூரிக்கு ரயிலில் போன காலத்தில், எதிர் சீட்டில் தூங்கி வழிகிறவர்களின் கண்கள் திறந்தால் எப்படி இருக்கும் என்று மனசுக்குள்ளேயே வரைந்து பார்ப்பாள். வில்லிவாக்கத்தில் அவர்கள் திடுக்கிட்டு விழிக்கும்போது, அவள் வரைந்தது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அந்தப் பைத்தியம்தான் பிழைப்பானது. உயிரோடு இருந்தபோது ஒரு படம்கூட எடுக்காமல் விட்டுவிட்ட வீட்டார், கடைசியாகக் கிடத்தியபோது எடுத்த படத்தோடு அவளிடம் வருவார்கள். மூடின கண்ணை அவள் திறந்து கொடுப்பாள். கண்ட கண்ணையும் எடுத்து ஒட்டுவதில்லை. பெற்ற பிள்ளையின் படத்தை வாங்கி, அந்தக் கண்ணுக்கு வயதைக் கூட்டி வைப்பாள். எப்போது போனார், எப்படிப் போனார் என்று மட்டும் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் அழுவார்கள். தன் பங்குக்கு ஒரு சந்தன மாலை போட்டுக் கொடுப்பதோடு சரி.

போன வாரம் தேவா என்கிற பையன் போனில் பேசியபோதும் அப்படித்தான். "அப்பா போட்டோ அனுப்பிக்கீறேன்க்கா. கண்ணத் தொறந்து குடு. எங்கம்மா ஒரு தபா பாக்கணும்னு ஆசப்படுது" என்றான். குரல் தழுதழுத்தது. "உன் போட்டோவும் ஒண்ணு அனுப்பு தம்பி" என்பதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை.

"இன்னா வெயிலு, யப்பா!" என்று பெரியவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். துண்டு நனைந்தது.

பேய்க்கு வியர்க்குமா? யேசப்பா, இவர் உயிரோடு இருக்கிறார்!

பயம் போகவில்லை. இன்னும் பெரிய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. உயிரோடு இருக்கிற மனுஷனைச் சாகடித்து, மாலை போட்டு, விளக்கும் வைத்திருக்கிறாள்.

"பையன் வண்டிய நிறுத்திகினு கீறான்மா. இப்ப வந்துருவான்."

அவன் வருவதற்குள் மாலையைக் கழற்ற வேண்டும். ஆனால் எப்படி? பெரியவர் அதற்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார். கோபம் இல்லை, கேள்வி இல்லை. உதட்டோரத்தில் ஒரு சிரிப்புகூட இருந்தது.

"யக்கா, ஸ்டேப்ளர் பின் கீதா?" என்று பக்கத்து ஜெராக்ஸ் கடை சௌம்யா உள்ளே நுழைந்தாள்.

பெரியவரைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். திரும்பப் பெரியவரைப் பார்த்தாள். பிறகு அவர் மூக்குக்கு முன்னாலேயே நின்று மாலையைக் காட்டி, நாக்கைத் தொங்கப்போட்டு, 'போச்சு, உன் கடை காலி' என்று கழுத்தை அறுப்பதுபோல் கை காட்டிவிட்டு ஓடியே போனாள்.

அதற்கும் அவர் சிரிப்பு மாறவில்லை. வெளியே வண்டிக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

"போட்டோவக் கொஞ்சம் கையில குடும்மா" என்று அவர் கையை நீட்டினார்.

ஸ்டூலில் ஏறி எடுத்தாள். அவசரமாக இறக்கியதில் மாலை சட்டத்தில் மோதிச் சலசலத்தது. படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அழுகையும் உளறலுமாகக் கொட்டினாள்.

"ஐயா, சத்தியமா தெரியாம பண்ணிட்டேன்யா. கண்ணு மூடியிருந்துச்சா, நீங்க போய்ட்டீங்கன்னு நெனச்சு மாலைய போட்டுட்டேன். உங்க பையன்கிட்ட சொல்லிடாதீங்க."

"மாலையா?" அவர் புருவம் உயர்ந்தது. "எனுக்கா? அடிப்பாவி!"

தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

தேவா அனுப்பிய படத்தில் இருந்தது போலவே, இரண்டு இமைகளும் ஒட்டி மூடியிருந்தன.

"மாலய வுடு. கண்ணு வெச்சா நான் எப்பிடி கீறேன், அத சொல்லும்மா."