கேட்டுக்கு மேலே ஒரு கேமரா

"கேமரா எதுக்குங்க? நம்ம வீட்ல திருட என்ன இருக்கு?" என்றாள் மரியசெல்வி.

"பக்கத்துத் தெருவுல செயினை அறுத்துட்டுப் போயிருக்கான். இனிமே கேட்டுக்கு வாரவங்க மூஞ்சி அம்புட்டும் என் போன்ல தெரியும்" என்றார் பெலிக்ஸ்.

அதுதான் அவளுக்குப் பயம். தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட மகள் ஜெனிட்டாவை, 'வாசப்படி மிதிக்காதே' என்று துரத்தியவர் அவர். அவர் கடைக்குப் போனதும் மகள் வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறி வருவாள். அப்பா சொல்லை மீறாமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, அம்மா நீட்டும் குழம்புத் தூக்கை வாங்கிக்கொண்டு, அவர் மத்தியானம் சாப்பிட வருவதற்குள் போய்விடுவாள்.

கேமரா வந்தது. மகள் வருவது நின்றது.

"சொந்த வாசல்ல நிக்கவே கூச்சமா இருக்குங்க."

"பழகிரும்."

ஒரு மாதம் போனது. அன்று பெலிக்ஸே ஏணி போட்டு ஏறி அதைக் கழற்றினார்.

"ஏங்க, ரிப்பேரா?"

"நல்லாத்தான் இருக்கு. அவதான் வர மாட்டேங்குறா."

ஏணியைப் பிடித்திருந்த மரியசெல்வி அண்ணாந்து அவரைப் பார்த்தாள்.

"கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு முக்கு டீக்கடையில நின்னு பாப்பேன். அங்கயிருந்து அவ முதுகுதான் தெரியும். மூஞ்சியை ஒருக்காப் பாக்கணும்னுதான் இதை மாட்டுனேன்."

திருப்புளியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"நான் பாக்காட்டிப் போகுது. இனிமே மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வரலைன்னு அவகிட்ட சொல்லிரு. இன்னும் செத்த நேரம் நின்னு பேசிட்டுப் போகட்டும்."