புதுக்குடல்

அமலி பாம்பனில் கடலுக்குள் மூழ்கிப் பாசி பறிக்கிறவள். நோய் அரித்த அவளுடைய பெருங்குடலை எடுத்துவிட்டு, அவள் உயிரணுக்களிலிருந்தே வளர்த்த புதுக்குடலை வைத்துத் தைத்திருந்தார்கள். வயிற்றுக்குள் சாப்பாடு இறங்கியதும் அடிக்குடல் தானாக அசைய வேண்டும். ஆனால் இதுவோ சோற்றையே அறியாத குடல். கஞ்சி கொடுத்தும் பழச்சாறு கொடுத்தும் சும்மா கிடந்தது.

"நாளைக்குள்ள அசையலன்னா, இத எடுத்துட்டு, மலம் சேர வயித்துக்கு வெளிய பை வச்சிரணும்மா," என்றார் டாக்டர் நாச்சியார்.

"பையோட நான் எப்படி டாக்டரம்மா கடல்ல முங்குவேன்?" என்று அமலி அழுதாள்.

மறுநாள் காலை அவள் கணவன் சவேரி, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்தான்.

"கஞ்சிக்கு எந்தக் குடல் அசையும்? ருசியாத் தின்னு புள்ள."

அவள் நிதானமாக மென்று, தட்டைக் காலி செய்தாள். சற்று நேரத்தில் அடிவயிற்றில் ஏதோ உருண்டது. அவன் கையைப் பிடித்து அங்கே வைத்தாள்.

"ஆத்தாடி, இடி மாதிரில்ல உறுமுது!" என்றான் அவன்.

அடுத்த நொடி வார்டே திரும்பிப் பார்க்கும்படி காற்றுப் பிரிந்தது. பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பொத்திச் சிரித்தாள். அமலி வெட்கப்படவில்லை. சுவரைப் பிடித்தபடி தானே கழிவறைக்கு நடந்தாள். சேதி கேட்டு ஓடிவந்த டாக்டர் கதவருகே மூச்சிரைக்க நின்றார்.

"டாக்டரம்மா, வந்துருச்சு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நாச்சியார் வார்டைப் பார்த்துத் திரும்பி, பிள்ளை பிறந்த சேதி சொல்கிறவர்போல இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"வந்துருச்சாம்!"

எழுந்து நிற்க முடிந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.