தபாலில் வந்த பட்டம்

ஒரு பி.ஏ. பட்டத்தின் விலை வெல்லாவெளியில் ஐந்து ஏக்கர் வயல் வட்டை. தபால் சர்வகலாசாலையின் முகவர் ஏர்ல் சொன்ன கட்டணத்தை அந்த வயலை விற்றால்தான் கட்ட முடியும். மகனுக்காக ஏறாவூர்ப் புடவைக்கடை முதலாளி அதற்கும் துணிந்துவிட்டார். ஆனாலும் வியாபாரப் புத்தி விடவில்லை.

“இதுவரைக்கும் எத்தின பேர் பாஸ் பண்ணியிருக்காங்க, தொரை?”

“சேர்ந்த எல்லாரும், முதலாளி! உங்கட ஏறாவூரிலயே ஒருத்தர் போன வருசம் பட்டம் எடுத்தவர். இப்ப கொழும்பில பெரிய உத்தியோகம்.”

“ஆரு அவர்?”

ஏர்ல் விளம்பரப் புத்தகத்தைப் புரட்டினார். “கச்சி முகம்மது, பஸார் வீதி.”

முதலாளியின் கையிலிருந்த முழக்கோல் நழுவி விழுந்தது.

“யா அல்லாஹ்! நான்தானே அந்தக் கச்சி முகம்மது! போன வருசம் விலை விசாரிச்சு ஒரு போஸ்ட்காட் போட்டன், அவ்வளவுதான்!”

ஏர்ல் மெல்லத் தொப்பியை எடுத்தார். முதலாளி வாசலை மறித்தார்.

“போஸ்ட்காட்டுக்குப் பட்டம் சரியாப் போச்சு. கொழும்புச் சம்பளம்தான் இன்னும் பாக்கி, தொரை!”