மருமகளும் சுவரைத் தடவுகிறாள்

இலங்கையின் பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், கூலி வீடுகள் வரிசையாய் ஒட்டி நிற்கும் லயத்தின் தகரக் கூரையிலிருந்து கடைசி வெளிச்சம் வழிந்து போகிறது. இருதயம்மாவும் இரண்டு மகன்களும் சுவரைத் தடவிக்கொண்டே தங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வருகிறார்கள். பொழுது சாய்ந்தால் மூவருக்கும் கண் தெரியாது. இது பரம்பரை நோய் என்று டாக்டர் சவரிமுத்து எழுதிய மூன்றாவது கட்டுரை, லண்டன் சஞ்சிகையில் அச்சாகி, வாசலில் நின்று பார்க்கும் அவர் கையில் இருக்கிறது. அடுப்படியிலிருந்து எழுந்த மருமகள் ஜெபமலர் பலகையில் இடறுகிறாள். அவள் கையும் சுவரைத் தேடுகிறது. “நீ இவங்களுக்கு அத்தை மகளா?” என்று டாக்டர் வெடுக்கென்று கேட்கிறார். “சொந்தமே இல்லீங்க டாக்டரய்யா. இங்க வந்தப்ப நல்லாத்தாங்க தெரிஞ்சுச்சு.” அவர் சஞ்சிகையை முறுக்குகிறார், அட்டை கிழிகிறது. இருதயம்மா தடவித் தடவி, ஒரே சட்டியிலிருந்து நாலு தட்டிலும் கீரையோ மீனோ இல்லாத வெறும் சோற்றைப் போடுகிறாள். மூன்று கட்டுரைகளில் ஒன்றிலும் அந்தச் சட்டி இல்லை.